கிட்டி

எளாவூருக்கு நான் போனது சரித்திர ஆராய்ச்சிக்காக அல்ல. நண்பர் ஒருவருடைய வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்காக. வயிறாரச் சாப்பிட்டு, தாம்பூலப் பையும் கையுமாக ரயிலடிக்கு வந்து சேர்ந்தால், சென்னைக்குப் போகும் வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அருகிலிருந்த தேநீர்க் கடையின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எளாவூர் ஓர் எல்லைப்புறத்து ஊர். வடக்கே அடுத்த நிலையம் ஆரம்பாக்கம். அதையும் தாண்டினால் ஆந்திரா. தெற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். கிழக்கே பழவேற்காட்டு ஏரியின் உப்புக் காற்று. நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடியை நோக்கி லாரிகள் வரிசை கட்டி ஊர்ந்துகொண்டிருந்தன. கடையில் பேச்சு தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிந்தது. தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிந்தது. இந்தப் பக்கத்தில் அது யாருக்கும் விசேஷமாகப் படுவதில்லை.

மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்து இறங்கினான். தோளில் பை, கையில் கைபேசி. எதிர்ப் பெஞ்சில் இருந்த முதியவரிடம் நேராகப் போய் நின்றான்.

"தாத்தா, இந்த மாசத் தவணை பாக்கி நிக்குதே. வீட்டுக்குப் போனா இங்கே இருக்கீங்கன்னு சொன்னாங்க."

"அறுப்பு முடியட்டும் நைனா. பத்து நாள் பொறு."

"நீங்க பொறுக்கச் சொல்றீங்க. எனக்கு மேலே இருக்கிறவங்க பொறுக்க மாட்டாங்களே. இன்னைக்கு வாங்கிட்டுப் போகலேன்னா என் சம்பளத்திலே கை வைப்பாங்க."

முதியவர் சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு. "கிட்டி போட்டாலும் இன்னைக்கு என்கிட்டே காசு பேராது, போ" என்றார்.

"கிட்டியா? அப்படின்னா என்னா தாத்தா?"

"எனக்கு இன்னா தெரியும்? எங்க பாட்டி சொல்லும், நானும் சொல்றேன்."

பையன் ஏதோ முணுமுணுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். முதியவர் மீதித் தேநீரைக் குடித்தார். எனக்குத்தான் அந்தச் சொல் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைப்போல் ஆகிவிட்டது. ஏனென்றால் கிட்டி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

இரண்டு குச்சிகள். அவற்றின் ஒரு முனையைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் ஒருவனுடைய விரல்களை வைத்து மறுமுனையை நெருக்குவார்கள், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி. இதற்குத் தச்சன் வேண்டாம், கொல்லன் வேண்டாம், செலவும் இல்லை. எந்தக் கிராமத்திலும் ஐந்து நிமிஷத்தில் தயாராகிவிடும். இதற்குத் துணையாக இன்னொன்று இருந்தது. அதன் பெயர் அண்ணாந்தாள். ஒருவனை வளைத்துக் குனியவைத்து, அவனுடைய மேல்துணியையோ ஒரு கயிற்றையோ கழுத்துக்கும் காலுக்குமாகப் பூட்டி, நிமிர முடியாமல் வெயிலில் நிறுத்திவிடுவது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் பிள்ளைகளுக்குப் போட்ட கோதண்டத்துக்கு இதெல்லாம் அண்ணன் முறை. வாத்தியார் பாடம் வரவில்லை என்று போட்டார். சர்க்கார் சேவகன் வரி வரவில்லை என்று போட்டான்.

இந்த விவரமெல்லாம் எனக்குக் கதைகளில் கிடைத்ததல்ல. 1855-ஆம் வருஷம் சென்னையில் அச்சான ஒரு சர்க்கார் அறிக்கையில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட சித்திரவதைகளை விசாரிக்க நியமித்த கமிஷனின் அறிக்கை அது. நம் எளாவூர்க் கடைப் பேச்சைப்போல அதிலும் இந்த இரண்டு கொடுமைகளுக்கும் இரண்டிரண்டு பெயர் கொடுத்திருக்கிறார்கள், தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. பாஷை மாறினாலும் குச்சி மாறவில்லை.

அந்த அறிக்கை எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்வதற்கு முன், வாசகர்கள் என்னோடு கொஞ்சம் கடல் கடந்து வரவேண்டும்.

ஐரோப்பாவிலும் சித்திரவதை இருந்தது. அங்கே அது சட்டத்தின் ஓர் அங்கமாகவே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் ஒப்புக்கொள்ளாவிட்டால் நீதிபதியே உத்தரவிட்டு அவனை வதைக்கச் செய்வார். குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து அலறலுக்கு நடுவே வாக்குமூலம் எழுதிக்கொள்வார். 1762-ல் பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரத்தில் ழான் காலா என்ற துணி வியாபாரிக்கு இந்தக் கதி நேர்ந்தது. அவர் புரோட்டஸ்டண்டு. அவருடைய மகன் வீட்டில் பிணமாகக் கிடந்தான். மகன் கத்தோலிக்கனாக மாறவிருந்தான், அதனால் தகப்பனே கொன்றுவிட்டான் என்று ஊரில் வதந்தி. கிழவரை வதைத்தார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு சக்கரத்தில் கட்டி எலும்புகளை முறித்துக் கொன்றார்கள். கடைசி மூச்சு வரையில் தாம் குற்றமற்றவர் என்றே சொன்னார். வால்டேர் என்ற எழுத்தாளர் அந்த வழக்கைக் கையில் எடுத்து மூன்று வருஷம் ஐரோப்பா முழுவதும் கடிதமும் கட்டுரையுமாக எழுதித் தள்ளினார். 1765-ல் காலா நிரபராதி என்று தீர்ப்பு மாறியது. செத்தவர் திரும்பவில்லை.

அந்த மூன்று வருஷத்துக்குள்ளே, 1764-ல், இத்தாலியில் மிலான் நகரத்து இளைஞர் ஒருவர் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். பெயர் செசாரே பெக்காரியா. வயது 26. குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றிய அந்தப் புத்தகத்தில் ஆசிரியர் பெயர் போடக்கூட அவருக்குத் துணிவில்லை. அவருடைய வாதம் எளிமையானது. வதைத்து உண்மையை வரவழைப்பது என்பது நரம்பின் பலத்துக்கு வைக்கிற பரீட்சை. உடல் வலுவுள்ள குற்றவாளி பல்லைக் கடித்துக்கொண்டு தப்பிவிடுவான். உடல் நலிந்த நிரபராதி செய்யாததைச் செய்தேன் என்பான். இதில் நீதி எங்கே இருக்கிறது?

இவர்களுக்கு முன்பே 1748-ல் மாண்டெஸ்கியூ இன்னொன்று சொல்லியிருந்தார். சட்டம் செய்கிற கை, அதை நடத்துகிற கை, நியாயம் தீர்க்கிற கை ஆகிய மூன்றும் ஒரே ஆளுடையதாக இருந்தால் அங்கே யாருக்கும் விடுதலை இல்லை என்பது அது.

இதையெல்லாம் படிக்கும்போது, "இதில் என்ன புதுமை? நம் வள்ளுவர் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கவில்லையா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நானும் பல நாள் கேட்டுக்கொண்டேன். எனக்குத் தோன்றிய விடை இது: நம்முடைய பழைய நூல்கள் அரசனைப் பார்த்து, "நல்லவனாக இரு" என்று சொல்லின. சொன்ன விதம் மிக அழகு. ஆனால் அவன் நல்லவனாக இல்லாவிட்டால் குடியானவன் என்ன செய்வது என்ற கேள்விக்கு, அழுத கண்ணீர் அவனைச் சும்மா விடாது என்பதோடு நிறுத்திக்கொண்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் அந்த அறிவியக்கக்காரர்கள், "அரசன் கெட்டவனாகவே இருக்கட்டும், அப்போதும் அவன் கை என் விரலை நெரிக்காமல் இருக்க என்ன ஏற்பாடு?" என்று கேட்டார்கள். நல்ல மனத்தை நம்புவதை விட்டு ஏற்பாட்டை நம்பத் தொடங்கியதுதான் அதில் புதுமை.

பிரஷ்யாவில் 1740-லேயே பிரெடெரிக் மன்னர் சித்திரவதையைப் பெரும்பாலும் நிறுத்தினார். ஆஸ்திரியா 1776-ல் ஒழித்தது. இத்தாலியின் டஸ்கனி 1786-ல் மரண தண்டனையையும் சேர்த்து ஒழித்தது. இங்கிலாந்து மட்டும், "எங்கள் பொதுச் சட்டத்தில் சித்திரவதைக்கு இடமே இல்லை" என்று வெகு காலமாக மார்தட்டிக்கொண்டிருந்தது.

அந்த இங்கிலாந்துதான் நம்மை ஆண்டது.

ஒரு தேசத்தின் நூல்நிலையத்தில் இருக்கிற எண்ணம் வேறு, அதன் கப்பலில் ஏறுகிற எண்ணம் வேறு. எளாவூருக்குக் கிழக்கே, ஏரிக்கரைப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள் இன்னும் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சுதந்திரமாக எண்ணவும் அச்சிடவும் ஓரளவு இடம் கொடுத்த நாடு ஹாலந்து. அரசு இருப்பதே மனிதரின் சுதந்திரத்துக்காகத்தான் என்று ஸ்பினோசா எழுதிய நூல் 1670-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதே நூற்றாண்டில், அதே நாட்டுக் கம்பெனி, சோழமண்டலக் கரையில் பஞ்சத்தில் அடிபட்டு விற்கப்பட்ட ஜனங்களைப் பழவேற்காட்டிலிருந்து படேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றியது. ஸ்பினோசாவின் புத்தகம் அந்தக் கப்பலில் வரவில்லை.

ஆங்கிலக் கம்பெனியின் கதை இன்னும் விசித்திரமானது. லண்டனில் அதன் தலைமைக் காரியாலயத்திலேயே தத்துவஞானிகள் உத்தியோகம் பார்த்தார்கள். பெக்காரியாவைப் படித்து வளர்ந்த ஜெரமி பெந்தாமின் அத்யந்த சிநேகிதர் ஜேம்ஸ் மில் 1819-ல் அங்கே சேர்ந்தார். அவருடைய மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் 1823-ல், பதினேழாவது வயதில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, கம்பெனி ஆட்சி முடிகிற 1858 வரையில் இருந்தார். சுதந்திரத்தைப் பற்றி உலகம் இன்றும் படிக்கிற புத்தகத்தை எழுதியவர் அவர்தான். அவர் மேஜையில் பேனாவைத் தொட்டு எழுதிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், அவருக்குச் சம்பளம் கொடுத்த கம்பெனியின் வரி சென்னை மாகாணத்தில் எப்படி வசூலாகிக்கொண்டிருந்தது என்பதுதான் நம் கதை.

சென்னையில் ரயத்துவாரி முறை. நடுவில் ஜமீன்தார் இல்லாமல் சர்க்காரே குடியானவனிடம் நேராக வரி வாங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விதித்த வரியோ அதிகம். மழை பொய்த்தாலும் தவணை பொய்க்காது. 1816-ல் செய்த ஓர் ஏற்பாட்டினால் போலீஸ் அதிகாரமும் மாஜிஸ்டிரேட் அதிகாரமும் கலெக்டரிடம் போய்ச் சேர்ந்தன. கீழே தாசில்தாரும் அப்படியே. காலையில் வரி கேட்பவர் அவர்தான். மத்தியானம் போலீஸ் தலைவரும் அவர்தான். அவருடைய சேவகன் அடித்தான் என்று புகார் சொல்லப் போனால், புகாரைக் கேட்கிறவரும் அவரேதான். மாண்டெஸ்கியூ எதைச் செய்யாதே என்று சொன்னாரோ, அதை அப்படியே எடுத்துச் செங்கல்பட்டிலும் நெல்லூரிலும் நட்டுவைத்தார்கள். கலெக்டர் துரை வெகு தூரத்தில் இருப்பார். ஜில்லா பெரிசு, அவருக்கு ஜனங்களின் பாஷையும் அரைகுறை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று, "பாக்கி எவ்வளவு?" அந்தக் கேள்வி படிப்படியாக இறங்கி வரும். கலெக்டரிடமிருந்து தாசில்தாருக்கு, தாசில்தாரிடமிருந்து மணியக்காரருக்கு, கடைசியில் மிகச் சொற்பச் சம்பளம் வாங்கும் சேவகனுக்கு. அவன் கையில் வந்து சேரும்போது அந்தக் கேள்வி இரண்டு குச்சியாக மாறியிருக்கும்.

இதை உலகத்துக்குச் சொன்னவர் வெள்ளைக்காரத் தத்துவஞானி அல்ல. சென்னைப் பட்டணத்து வியாபாரி ஒருவர். காஜுல லக்ஷ்மிநரசு செட்டி. 1806-ல் பிறந்தவர், தெலுங்கு பேசும் குடும்பம். 'காஜுல' என்றால் வளையல். அவுரி, துணி வியாபாரத்தில் நல்ல பணம் சம்பாதித்தவர். சம்பாதித்த பணத்தைக் கொண்டு 1844-ல் 'கிரெஸெண்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார். பாதிரிமாரின் மதமாற்ற வேலைக்குச் சர்க்கார் துணைபோகிறது என்பதுதான் அவருக்கு முதலில் இருந்த மனக்குறை. 1852-ல் சென்னை சுதேசிகள் சங்கத்தை ஏற்படுத்தினார். வரிக் கொடுமையைப் பற்றியும் நிர்வாகக் கோளாறுகளைப் பற்றியும் பார்லிமெண்டுக்கு மனு அனுப்பினார்.

அந்த மனுவின் சூத்திரத்தைக் கவனிக்க வேண்டும். "கருணை காட்டுங்கள் துரையே" என்று லக்ஷ்மிநரசு கெஞ்சவில்லை. உங்கள் நாட்டில் பிரஜைக்கு இருக்கிற பாதுகாப்பு, உங்கள் ஆட்சியில் இருக்கிற பிரஜைக்கு ஏன் இல்லை என்று கேட்டார். அவர்களுடைய அளவுகோலையே எடுத்து அவர்களை அளந்தார்.

1853-ல் ஹென்றி டான்பி ஸீமூர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் நேரில் பார்க்கவே சென்னைக்கு வந்தார். லக்ஷ்மிநரசு அவரை உடனழைத்துக்கொண்டு மாகாணத்தில் பல ஜில்லாக்களைச் சுற்றிக் காட்டினார். ஊர் ஊராகக் குடியானவர்கள் வந்து கையையும் காலையும் காட்டினார்கள். 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விஷயம் வெடித்தது. கம்பெனிப் பக்கத்தவர்கள் கோபத்தோடு மறுத்தார்கள். மறுத்தால் மட்டும் போதாது என்று ஆகிவிடவே, விசாரிக்க ஒரு கமிஷன் போடும்படி ஆயிற்று. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்று மூன்று பேர். மூவரும் ஆங்கிலேயர்கள். நார்ட்டன் சென்னையில் பேர்பெற்ற வக்கீல்.

கமிஷன் விளம்பரம் செய்தது. பிறகு நடந்ததை அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்நூறு பேருக்கு மேல் நேரிலேயே வந்து நின்றார்கள். எழுத்து மூலம் வந்ததையும் சேர்த்தால் புகார்கள் இரண்டாயிரத்தை நெருங்கின. அந்த நாளில் வழி எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். நான் எளாவூரிலிருந்து ரயிலில் சென்னைக்குப் போகக் கொஞ்ச நேரம் காத்திருந்ததற்கே அலுத்துக்கொண்டேன். அப்போது மாகாணத்தில் ரயிலே ஓடவில்லை; முதல் வண்டி ராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-ல்தான். மாட்டு வண்டியிலும் நடையுமாக, திரும்பிப் போனால் தாசில்தார் என்ன செய்வாரோ என்ற பயத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு, தன் விரலைச் சாட்சியாகக் காட்ட ஒரு குடியானவன் பட்டணத்துக்கு வந்தான். அவன் வால்டேரைப் படித்தவனல்ல. ஆனால், "எனக்கு நடந்தது தலைவிதி அல்ல, தப்பு, அதை ஒருவரிடம் சொல்லலாம், அவர் பதில் சொல்லியாக வேண்டும்" என்று அவனுக்குத் தோன்றியதே, அதுதான் அந்த இயக்கத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. ஆமாம், சித்திரவதை நடக்கிறது. வரி வசூலிலும் நடக்கிறது, போலீஸ் விசாரணையிலும் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டது. கிட்டியையும் அண்ணாந்தாளையும் பெயர் சொல்லி விவரித்தது. வரியும் போலீசும் ஒரே கையில் இருப்பது பெரிய கோளாறு என்றும் சொன்னது. இவ்வளவும் நேர்மைதான். ஆனால் பழியைச் சுமத்த வேண்டிய இடம் வந்தபோது அறிக்கை சற்றே வளைந்துகொண்டது. கொடுமை செய்தவர்கள் சுதேச உத்தியோகஸ்தர்கள், துரைமார்களுக்கு அதில் சம்பந்தமில்லை என்று தீர்த்தது. குச்சியை நெருக்கிய கை கறுப்புக் கை என்பது வாஸ்தவம். அந்தக் குச்சியால் பிழிந்த பணம் எந்தக் கஜானாவுக்குப் போயிற்று என்ற கேள்வி மட்டும் ஓரமாக நின்றுவிட்டது. 1857-ல் சிப்பாய்க் கலகத்தின் கொடுமைகளைப் பற்றி இங்கிலாந்து கொதித்துக்கொண்டிருந்தபோது, கார்ல் மார்க்ஸ் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் இந்தச் சென்னை அறிக்கையை எடுத்துக்காட்டி அந்தக் கேள்வியை எழுப்பினார்.

சேவகனுக்கு வக்காலத்து வாங்குவது என் எண்ணமல்ல. சித்திரவதையைக் கம்பெனிதான் கண்டுபிடித்தது என்றும் சொல்லமாட்டேன். கிட்டி என்ற சொல் சுத்தமான நம் வீட்டுச் சொல். நவாபு காலத்திலும் அதற்கு முன்பும் அந்தக் குச்சிகள் இருந்தன. பழி சொல்வதானால் நம் மூதாதையரையும் விட்டுவிடக்கூடாது.

அறிக்கை வீண்போகவில்லை. 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் புதிய போலீஸ் சட்டம் வந்தது; வரி வேலை வேறு, போலீஸ் வேலை வேறு என்று பிரிந்தது. 1860-ல் இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 330-வது பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. வரிப் பாக்கியைக் கட்டவைப்பதற்காக ரெவின்யூ அதிகாரி ஒருவனை வதைத்தால் அவர் குற்றவாளி என்பது அது. சட்டப் புஸ்தகத்தில் பெயரில்லாத எழுத்துக்களாகத்தான் அந்த இருவரும் நிற்கிறார்கள். அந்தப் பிரிவைப் படிக்கும்போதெல்லாம், பட்டணத்துக்கு வந்து விரலைக் காட்டிய குடியானவன் ஒருவன் அந்த எழுத்துக்குப் பின்னால் நிற்பதாக எனக்குத் தோன்றும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்ற விதி 1861-லேயே வந்து, 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தில் நிலைபெற்றது. பெக்காரியா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். 2024 ஜூலையில் பழைய சட்டங்கள் போய்ப் புதிய சட்டங்கள் வந்தபோதும் இந்த விதிகளை எடுத்துவிடவில்லை.

லக்ஷ்மிநரசு செட்டியை 1863-ல் சென்னைச் சட்டசபைக்கு அங்கத்தினராக நியமித்தார்கள். அதற்குள் பொதுக் காரியம் அவருடைய சொத்தைத் தின்று தீர்த்துவிட்டது. 1868-ல் ஏழையாகவே இறந்தார்.

மில்லுடைய சுதந்திரப் புத்தகம் 1859-ல் வெளிவந்தது. அதில் ஓர் ஓரத்தில், இந்தச் சுதந்திரக் கொள்கை இன்னும் முதிர்ச்சியடையாத சமூகங்களுக்குப் பொருந்தாது என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார். அந்த விலக்கில் நாமும் அடக்கம். படிக்கும்போது மனம் கசக்கத்தான் செய்கிறது. அதற்காக அந்த எண்ணங்களே வேண்டாம், அவை வெள்ளைக்காரனுடையவை என்று தள்ளிவிடலாமா? லக்ஷ்மிநரசு தள்ளவில்லை. அவர் திருநீறோ திருமண்ணோ இட்ட பழைய காலத்து மனிதர். தம் மதத்துக்காகப் பத்திரிகை நடத்தியவர். ஆனால் நியாயம் என்று பட்டதை, யார் வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது என்று பாராமல் எடுத்துக்கொண்டார். எழுதியவர் நம்மை விலக்கிவைத்தாலும், எழுத்து நம்மை விலக்கிவைக்க முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1950-ல் நம் அரசியல் சட்டம், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று விதித்தது. சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் ஒப்பந்தத்தில் 1997-ல் இந்தியா கையெழுத்திட்டது. அதை உறுதிப்படுத்தும் காரியம் மட்டும் இன்னும் நடக்கவில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீசார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்த செய்தியைத் தமிழ்நாடு மறந்திருக்காது. சட்டம் புத்தகத்தில் ஏறுவதற்கு ஒரு நாள் போதும். சேவகனுடைய கைக்கு இறங்கி வருவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

வண்டி வருகிற மணி அடித்தது. எழுந்தேன். முதியவரும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஐயா, பத்து நாளில் அறுப்பு முடிந்துவிடுமா?" என்று கேட்டேன்.

"முடிஞ்சிடும். குடுத்துடுவேன். அந்தப் பையனும் பாவம்; அவன் கழுத்துமேலே யார் உட்கார்ந்திருக்கானோ?" என்றார்.

கமிஷன் கேட்கத் தவறிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார். மேலே இருக்கிறவன் யார் என்று கேட்பதற்கு அவர் வால்டேரையும் படிக்கவில்லை, மாண்டெஸ்கியூவையும் படிக்கவில்லை. ஆனால் அவர் அதை என்னிடம் சாதாரணமாக, அக்கம்பக்கம் பார்க்காமல், குரலைத் தாழ்த்தாமல் கேட்டார். அவருடைய பாட்டிக்குப் பாட்டி காலத்தில் இதே ஊரில் அப்படிக் கேட்டிருக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டே வண்டியில் ஏறினேன். கும்மிடிப்பூண்டி தாண்டும் வரையில் அந்த யோசனைதான்.